2 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துக் காட்ட: ஃப்ரீ ராடிக்கல் படமெடுப்பில் பிரிதிறனைக் கூட்டிய பதிவு

எடுத்துக்கொண்ட வேலை இதுதான். ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு, இருக்கும் இடத்தைக் காந்த ஒத்ததிர்வு மூலம் படமாகத் தரும் ஈபிஆர் (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) கருவியில், ஒட்டி நிற்கும் இரண்டு நுண்குழாய்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 1 மில்லிமீட்டர். மையத்துக்கு மையம் 2 மில்லிமீட்டர். மூன்றாவதாக ஒரு குழாய் 7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. மூன்றையும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளைக்குள் பொருத்தி, குழாய்களில் டெம்போல் என்ற நைட்ராக்சைடு ராடிக்கலின் கரைசலை நிரப்பினேன். பால் லாட்டர்பர் 1973இல் வெளியிட்ட முதல் எம்ஆர்ஐ படமும் இரண்டு நுண்குழாய்த் தண்ணீர்தான், பொருளின் பரவலை ஒரு கோணத்திலிருந்து கோடாகச் சுருக்கும் வெறும் நான்கு புரொஜெக்‌ஷன்களில் எடுத்தது. பிரிதிறனைச் சோதிக்க இதைவிட நேர்மையான மாதிரிப் பொருள் எனக்குத் தெரியாது. படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. இரண்டு குழாய்க்கும் நடுவில் பள்ளம் விழுகிறதா, எவ்வளவு ஆழம், அவ்வளவுதான்.

கருவி 1.2 கிகாஹெர்ட்ஸில் தொடர் அலையில், அதாவது மைக்ரோவேவை இடைவிடாமல் செலுத்தி, ஓடுவது. அந்த அதிர்வெண்ணுக்கு எலக்ட்ரான் ஒத்ததிர்வு ஏறக்குறைய 430 காஸ் காந்தப்புலத்தில் வரும், அதாவது 43 மில்லிடெஸ்லா. இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைச் சீராக மாற்றும் கிரேடியன்ட் சுருள்கள் சென்டிமீட்டருக்கு 15 காஸ் வரை தாங்கும்.

எம்ஆர்ஐயில் மிகச் சாதாரணமான மில்லிமீட்டர் இங்கே ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? காரணம் வரி அகலம். நிறமாலை வரி எத்தனை காஸ் அகலமோ, அதைக் கிரேடியன்டால் வகுத்தால் அடிப்படைப் பிரிதிறன் கிடைக்கும். தண்ணீரிலுள்ள புரோட்டானின் வரி 10 ஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், காஸ் கணக்கில் அது 0.0024தான். டெம்போலின் வரி சுமார் 1.5 காஸ், அதிர்வெண்ணில் சொன்னால் 4.2 மெகாஹெர்ட்ஸ். ஒரே கிரேடியன்டை இரண்டுக்கும் கொடுத்தால், எலக்ட்ரான் படம் அறுநூறு மடங்குக்கு மேல் மங்கலாக இருக்கும்.

சரி, கிரேடியன்டை ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால் இரண்டு தடைகள் குறுக்கே வரும். முதலாவது, டெம்போலுக்கு வரி ஒன்றல்ல, மூன்று. நைட்ரஜன்-14 அணுக்கருவின் வேலை அது. தண்ணீரில் அந்த வரிகளுக்கு இடையே 17 காஸ். 2 சென்டிமீட்டர் பொருளுக்குச் சென்டிமீட்டருக்கு 8.5 காஸுக்கு மேல் கொடுத்தால், ஒரு வரியின் புரொஜெக்‌ஷன் அடுத்த வரியின் மேல் ஏறிவிடும். 8 காஸில் நிறுத்திக்கொண்டால் பிரிதிறன் 1.9 மில்லிமீட்டர். என் இரண்டு குழாய்களும் ஒரே நீள்வட்டமாகத்தான் வந்தன. இரண்டாவது தடை சிக்னல். தொடர் அலைக் கருவி பதிவு செய்வது உறிஞ்சு வளைவின் முதல் வகைக்கெழுவை. கிரேடியன்டை இரட்டித்தால் வளைவின் உயரம் பாதியாகும், அதன் சரிவு கால்பங்காகும். இரைச்சல் மட்டும் இருந்தபடியே இருக்கும்.

முதலில் கருவியைச் சரிபார்த்தது

கணிதத்தில் கைவைக்கும் முன், வரியை நானே அகலப்படுத்திக்கொண்டிருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். மைக்ரோவேவ் திறனை மெல்ல மெல்ல ஏற்றி, அதன் வர்க்கமூலத்துக்கு எதிராக வரியின் உயரத்தை வரைந்தேன். நேர்கோடு வளையத் தொடங்கும் இடத்துக்கு நன்கு கீழே நிறுத்திக்கொண்டேன். சிக்னலைப் பிடிக்கக் காந்தப்புலத்தை ஆட்டும் மாடுலேஷனின் வீச்சை வரி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தேன். மிகக் குறுகிய வரிகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸ் மாடுலேஷன் தன் இரு பக்கமும் 0.036 காஸ் தள்ளிப் பக்கவரிகளை உண்டாக்கும். டெம்போலுக்கு இது பொருட்டே இல்லை. 0.1 காஸ் அளவில் வரியுள்ள ட்ரைட்டில் போன்ற ராடிக்கல்களுக்கு மாடுலேஷன் அதிர்வெண்ணைக் குறைத்தே ஆக வேண்டும்.

கிரேடியன்டை மின்னோட்ட அளவிலிருந்து கணக்கிட்டு நம்புவதைவிட, தெரிந்த தூரத்தில் இரண்டு புள்ளிகளை வைத்து அளப்பது நல்லது. தொலைவிலுள்ள மூன்றாவது குழாய் எனக்கு அதற்குத்தான் பயன்பட்டது. நிறமாலையில் விழுந்த காஸ் இடைவெளியை நுண்ணோக்கியில் அளந்த தூரத்தால் வகுத்தால் உண்மையான கிரேடியன்ட் வந்துவிடும். மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

மையம் இதைவிட முக்கியம். காந்தப்புலம் 0.1 காஸ் நகர்ந்தால், சென்டிமீட்டருக்கு 10 காஸில் புரொஜெக்‌ஷன் 0.1 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். சுருள்கள் சூடாகச் சூடாக இந்த நகர்வு கூடும். ஒவ்வொரு கோணத்திலும் வெவ்வேறு அளவு தள்ளினால், மறுஉருவாக்கத்தில் புள்ளிகள் வளையமாக விரியும். அந்த மங்கலைப் பார்த்துப் பிரிதிறன் போதவில்லை என்று நினைத்துக் கிரேடியன்டைக் கூட்டினால், சூடும் கூடி நகர்வும் கூடும். இதற்குத் தீர்வு எளிது. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அதற்கு நேரெதிர்க் கோணத்தையும் உடனே எடுத்துவிடுவேன். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றதோடு பொருத்தினால், எவ்வளவு நகர்த்தினால் பொருந்துகிறதோ அதில் பாதிதான் மையப் பிழை. திருத்திவிட்டு இரண்டையும் சராசரியாக்கினால் இரைச்சலும் குறைகிறது. நேரம் இரட்டிப்பாகிறதே என்று தோன்றலாம். எப்படியும் சராசரிக்குச் செலவிடும் நேரம்தான் அது.

மூன்று வரிகளையும் ஒன்றாகப் பிரித்தெடுத்தது

வேலையில் சுவையான பகுதி இதுதான். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிட்டு, கிரேடியன்ட் இல்லாமல் எடுத்த முழு நிறமாலையை மேற்கோளாக, அதாவது ஒப்பீட்டு அளவாக, வைத்தே டீகன்வல்யூஷன் செய்யலாம், அதாவது வரி வடிவம் சேர்த்த மங்கலைக் கணக்கால் பிரித்தெடுக்கலாம். புரொஜெக்‌ஷன் என்பது பொருளின் பரவலும் வரி வடிவமும் ஒன்றோடொன்று கன்வல்யூஷன் ஆனது. சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் தளத்தில் அது வெறும் பெருக்கல். ஆகவே வகுத்தால் பொருளின் பரவல் திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டு அளவீட்டுக்கும் மாடுலேஷன், திறன், வடிகட்டியின் நேர மாறிலி, ஸ்கேன் வேகம் எல்லாம் ஒன்றாக இருந்தால், கருவி சேர்த்த அகலமும் வகுத்தலிலேயே கழிந்துவிடும். அதனால் மேற்கோள் நிறமாலையை நான் எப்போதும் படமெடுக்கும் அதே அமைப்பில்தான் எடுப்பேன், அதையும் அதிகச் சராசரியோடு.

வகுக்கும்போது இரண்டு சிக்கல்கள் வருகின்றன. முதலாவது எல்லோரும் எதிர்பார்ப்பது. வரியின் ஃபூரியர் உருமாற்றம் உயர் அதிர்வெண்ணில் தேய்ந்து போகும். நடுவில் கூர்ந்து இரு பக்கமும் நீண்ட வால் விடும் லோரென்ட்ஸ் வடிவ வரியானால் அடுக்குக்குறி வேகத்தில் தேயும். அங்கே வகுத்தால் இரைச்சல்தான் பூதாகரமாகப் பெருகும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மூன்று வரிக்கே உரியது. ஒரே உயரமுள்ள மூன்று வரிகள் சம இடைவெளியில் நின்றால், அவற்றின் ஃபூரியர் உருமாற்றத்தில் 1 கூட்டல் 2 கொசைன் என்று ஒரு காரணி வரும். கொசைன் கழித்தல் அரை ஆகும் இடங்களில் எல்லாம் அது பூஜ்யமாகிவிடும். உண்மையான டெம்போலில் மூன்று வரிகளும் துல்லியமாகச் சமமல்ல என்பதால் சரியாகப் பூஜ்யம் ஆகாவிட்டாலும், ஆழமான குழிகள் நிச்சயம் விழும். அந்த இட அதிர்வெண்களைப் பற்றி அளவீட்டில் தகவலே இல்லை. வகுத்தால் படத்தில் அலை அலையான வரிக்கோடுகள். வெட்டு அதிர்வெண்ணைக் கீழே இறக்கினாலும் போகாது, ஏனென்றால் குழிகள் நடுவிலேயே இருக்கின்றன.

காஸ் தளத்தில் இந்தக் குழிகள் நகராது. ஆனால் படத்தின் இட அளவில் எங்கே விழுகின்றன என்பதைக் கிரேடியன்ட்தான் தீர்மானிக்கிறது. வரி இடைவெளியை மூன்றால் பெருக்கிக் கிரேடியன்டால் வகுத்தால் முதல் குழியின் அலைநீளம் வரும். அதை 2, 4, 5, 7 என்று மூன்றின் மடங்கு அல்லாத எண்களால் வகுத்தால் மற்றக் குழிகள். சென்டிமீட்டருக்கு 15 காஸ் என்றால் 34, 17, 8.5, 6.8 மில்லிமீட்டர் என்று இறங்கும். ஆகவே ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு வெவ்வேறு கிரேடியன்டில் எடுத்தால், ஒன்றில் தொலைந்தது மற்றதில் இருக்கும்.

எந்த இரண்டு? காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். 12உம் 15உம் போட்டால் 8.5 மில்லிமீட்டரில் இரண்டின் குழியும் ஒன்றாக விழும்: 12 காஸில் ஐந்தால் வகுத்தது, 15 காஸில் நான்கால் வகுத்தது. 10உம் 15உம் போட்டால் அப்படி ஒருபோதும் நடக்காது. விகிதம் 2க்கு 3. இரண்டு வரிசையும் சந்திக்க வேண்டிய இடங்களில் எல்லாம் 10 காஸ் பக்கத்து எண் மூன்றின் மடங்காக இருக்கும், அங்கே குழியே கிடையாது. பொதுவாகவே, சுருக்கிய விகிதத்தின் ஓர் எண் மூன்றால் வகுபட்டால் போதும். நைட்ரஜன்-14 ராடிக்கல் எதற்கும் இது பொருந்தும்.

இரண்டு அளவீட்டையும் சேர்க்கும்போது வெறுமனே சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு இட அதிர்வெண்ணிலும் எந்தக் கிரேடியன்டின் மேற்கோள் வலுவாக இருக்கிறதோ அதற்கு அதிக எடை தர வேண்டும். பின்னத்தின் மேலே: ஒவ்வோர் அளவீட்டையும் தன் மேற்கோளின் சிக்கலெண் இணையியத்தால் பெருக்கிக் கூட்டுவது. கீழே: மேற்கோள்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையோடு இரைச்சலுக்கு ஏற்ற ஒரு சிறு எண். டிகனாஃப் முறை என்று சொல்வது இதைத்தான். வரிக்கோடுகள் அடங்கின. குழாய்களுக்கு நடுவே முதல் தடவையாகப் பள்ளம் விழுந்தது. ஆழமானது இல்லை, ஆனால் எந்தக் கோணத்தை நீக்கிவிட்டு மறுஉருவாக்கினாலும் அது அங்கேயே நின்றது. அதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

பூஜ்ய அதிர்வெண்ணுக்கும் ஒரு குறிப்பு. வகைக்கெழு நிறமாலையில் அந்த ஓர் எண் எப்போதும் பூஜ்யம்தான், அதை வகுத்தலால் மீட்க முடியாது. எல்லாக் கோணத்திலும் மொத்த ராடிக்கல் அளவு ஒன்றே என்பதால், குழாய்களுக்கு வெளியே உள்ள பகுதி பூஜ்யமாக இருக்கும்படி அந்த எண்ணைப் பொருத்திவிடலாம்.

அப்புறம், வெட்டு வடிகட்டியை ஒரே ஒரு இடத்தில் போடுங்கள். டீகன்வல்யூஷனில் ஒன்று, கோணப் பதிவுகளிலிருந்து படத்தை மறுஉருவாக்கும் பேக் புரொஜெக்‌ஷனின் சாய்வு வடிகட்டியில் இன்னொன்று என்று போட்டால், பாடுபட்டுக் கூட்டிய பிரிதிறன் இரண்டாவதில் சத்தமில்லாமல் கரைந்துவிடும். கோணங்களின் எண்ணிக்கைக்கு வழக்கமான விதியே போதும்: பொருளின் விட்டத்தைப் படப்புள்ளியின் அளவால் வகுத்து, ஒன்றரையைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெருக்க வேண்டும். 20 மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் 63.

கணிதம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்

டீகன்வல்யூஷனை எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. லோரென்ட்ஸ் வரிக்கு, இரைச்சலில் மூழ்காமல் போகக்கூடிய உச்ச அதிர்வெண், சிக்னல்-இரைச்சல் விகிதத்தின் இயல் மடக்கையைப் பொறுத்தது. விகிதம் 100 என்றால் மடக்கை 4.6. 1000 என்றால் 6.9. அதாவது விகிதத்தைப் பத்து மடங்காக்கினால் பிரிதிறன் ஒன்றரை மடங்குதான் கூடும். சராசரியால் விகிதத்தைப் பத்து மடங்காக்க நேரம் நூறு மடங்கு வேண்டும். ஒரு மணி நேரப் படத்தை ஒன்றரை மடங்கு கூர்மையாக்க நான்கு நாள் ஓட்ட வேண்டும் என்றால், அது நடக்கிற காரியமா? விகிதம் 100இல் கிடைப்பது, வரி அகலத்தைக் கிரேடியன்டால் வகுத்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் படம் கூர்மையாகத் தெரிந்தால், குழாய்களின் ஓரத்தில் எதிர்மறை மதிப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

வரி அகலம் அப்படி இல்லை. அதைப் பாதியாக்கினால் பிரிதிறன் நேராக இரண்டு மடங்கு. அதனால் நேரத்தைக் கணினிக்குக் கொடுப்பதைவிடக் கரைசலுக்குக் கொடுப்பது பன்மடங்கு லாபம் என்பது என் உறுதியான கருத்து.

டெம்போலின் 1.5 காஸ் அகலத்தில் பெரும்பகுதி, மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றும் உண்டாக்கும் பிரியாத சிறுபிளவுகளின் குவியல். கரைசலிலிருந்து ஆக்சிஜனை நீக்கினாலும் இது அசையாது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், நைட்ரஜன்-14க்குப் பதில் நைட்ரஜன்-15 உள்ள டெம்போன் என்ற இன்னொரு நைட்ராக்சைடுக்கு மாறினேன். மூன்று வரி இரண்டாகிறது, ஒவ்வொன்றிலும் ஸ்பின்களில் பாதி. வரிகளின் இடைவெளி 22 காஸுக்கு மேல் விரிகிறது. காற்று கரைந்த நிலையில் அகலம் 0.3 காஸை ஒட்டி வந்தது. நைட்ரஜன் வாயுவை ஓட்டி ஆக்சிஜனைத் துரத்திய பிறகு 0.2ஐ நெருங்கியது. செறிவைக் கூட்டினால் சிக்னல் கூடும்தான், ஆனால் ராடிக்கல்கள் ஒன்றோடொன்று மோதி ஸ்பின்னைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினால் வரி மறுபடி விரியும். அரை மில்லிமோலார் எனக்குச் சரியாக இருந்தது.

குழாயை அடைப்பதில் அசட்டையாக இருக்க முடியாது. களிமண் அடைப்பு வழியாக ஆக்சிஜன் மெல்லத் திரும்பி வரும். கண்ணாடியை உருக்கி மூடியதே நிலையாக நின்றது. வரி அகலமே இதற்கு நல்ல சாட்சி, படமெடுக்கும் முன்னும் பின்னும் அளந்துவிடுவேன்.

புதிய கரைசலில் சென்டிமீட்டருக்கு 10 காஸ் கொடுத்தாலும் இரண்டு வரிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. தாழ்புல வரியை மட்டும் வெட்டி எடுத்தால் குழிகளின் தொல்லையே இல்லை. இரண்டு குழாய்களும் அடிவரை பிரிந்து நின்றன, டீகன்வல்யூஷனுக்கு முன்பே. மென்மையான டீகன்வல்யூஷன் சேர்த்ததும் குழாயின் 1 மில்லிமீட்டர் உள்விட்டமே தட்டையான மேல்பரப்போடு தெரிந்தது. இதற்கு மேல் எனக்குக் கணிதம் தேவைப்படவில்லை.

இதனால் மூன்று வரிக் கணக்கு வீண் என்று ஆகிவிடாது. கதிர்வீச்சு பட்ட பல்லிலோ அலனைன் என்ற அமினோ அமிலத்திலோ உருவாகும் ராடிக்கலின் வரியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வாய்த்த அகலத்தோடுதான் வேலை செய்ய வேண்டும். கையிலிருக்கும் சாதாரண நைட்ராக்சைடையே பயன்படுத்த வேண்டியவர்களுக்கும் அப்படித்தான்.

வரி அகலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளும் உண்டு. டேவிட் லூரியும் உடன் பணியாற்றியவர்களும் அபர்டீனில் 1988இல் காட்டிய முறையில், எலக்ட்ரானைக் கிளறிவிட்டுப் படத்தைப் புரோட்டானில் எடுப்பார்கள். 1953இல் ஓவர்ஹௌசர் சொன்ன விளைவால், ராடிக்கல் இருக்கும் இடத்தில் தண்ணீரின் சிக்னல் மாறும். பிரிதிறன் எம்ஆர்ஐயின் பிரிதிறனே. ஆனால் எலக்ட்ரானை நிறைவுறச் செய்யப் போதிய மின்காந்தத் திறனைப் பொருளுக்குள் செலுத்த வேண்டும், சூடு ஏறும். அலையைத் தொடர்ந்து செலுத்தாமல் குறுந்துடிப்பாகச் செலுத்தும் துடிப்பு முறையில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சங்கரன் சுப்ரமணியனும் முரளி கிருஷ்ண செருகூரியும் வளர்த்த ஒற்றைப் புள்ளிப் படமெடுப்பு இருக்கிறது. துடிப்புக்குப் பின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரே ஒரு புள்ளியை அளந்து, கிரேடியன்டைப் படிப்படியாக மாற்றுவார்கள். காலம் மாறாததால் வரி அகலம் படத்தை மங்கச் செய்வதில்லை. சில மைக்ரோ நொடி நீடிக்கும் சிக்னல் வேண்டும் என்பதால் ட்ரைட்டிலுக்கு இது அருமையாகப் பொருந்தும். என் தொடர் அலைக் கருவியில் இரண்டுக்கும் இடமில்லை.

கடைசியாகச் செய்தது, நெருங்கி நிற்கும் இரண்டில் ஒரு குழாயை மட்டும் காற்றுக்குத் திறந்து வைத்தது. படத்தில் அது பக்கத்துக் குழாயைவிடப் பருமனாகவும் மங்கலாகவும் வந்தது. மேற்கோளாக வைத்தது ஆக்சிஜன் இல்லாத வரி. திறந்த குழாயின் வரி அதைவிட அகலம். அந்த மீதி அகலம் இடமாக மாறிப் படத்தில் விழுகிறது. உயிருள்ள திசுவில் எல்லா இடமும் இப்படித்தான் இருக்கும், அங்கே ஒரே மேற்கோளை வைத்து வகுப்பது செல்லாது. வரி அகலத்தையும் ஓர் அச்சாக எடுத்துக்கொள்ளும் நிறமாலை-இடப் படமெடுப்புக்குப் போக வேண்டும். அதில் கிரேடியன்டின் அளவே கோணமாகிறது. 2 சென்டிமீட்டர் பொருள், 4 காஸ் நிறமாலைச் சாளரம், சென்டிமீட்டருக்கு 10 காஸ் என்றால் 79 டிகிரி வரைதான் எட்டலாம். 90க்கு எல்லையில்லாக் கிரேடியன்ட் வேண்டும். விடுபட்ட அந்த 11 டிகிரியைப் பேக் புரொஜெக்‌ஷனால் நிரப்ப முடியாது என்பதால், ஒவ்வொரு புள்ளியிலும் லோரென்ட்ஸ் வரி ஒன்றுதான் இருக்கிறது என்று கட்டுப்படுத்தி, அதன் உயரத்தையும் அகலத்தையும் எல்லாப் புரொஜெக்‌ஷன்களோடும் நேரடியாகப் பொருத்தினேன். இரண்டு குழாய்களும் ஒரே விட்டத்தில் வந்தன. திறந்த குழாயின் வரி அகலம் தனி எண்ணாக, தனியே அளந்த 0.3 காஸுக்கு அருகிலேயே கிடைத்தது.